பெஞ்சில் ஒரே ஆண்

ஒரகடத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அந்த டயாலிசிஸ் நிலையம் இருந்தது. படிகள் இருபத்திரண்டு. லிஃப்ட் ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று காலை என் மனைவியை அங்கே அழைத்துப் போவேன்.

உள்ளே எட்டுக் கட்டில்கள். ஏழில் ஆண்கள். பாதிப்பேர் கம்பெனிகளில் அசெம்பிளி லைனில் நின்றவர்கள். இங்கேயும் "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்றுதான் சொல்வார்கள். ஆறாம் எண் கட்டிலில் மட்டும் என் மனைவி. வெளியே பெஞ்சில் ஏழு பெண்கள், எட்டாவதாக நான். கதவு திறந்தால் மிஷின்களின் முனகல் வெளியே வரும். பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். கதவு மூடியதும், விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்கள். அது எனக்குப் பழகவே இல்லை.

முப்பத்தொரு வருடம் ஸ்டோரில் சாமான் எண்ணியவன் நான். கண் சும்மா இருக்காது. நாங்கள் போய்வந்த இரண்டு வருடத்தில் அந்த ஏழு கட்டில்களிலிருந்து ஐந்து பேர் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொடுத்தவர்களில் மனைவிகள் மூவர், தாய் ஒருத்தி, அக்கா ஒருத்தி. பெஞ்சில் அவர்கள் இடம் ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை. புதிதாக ஒருத்தி அதே மூலையில், அதேபோல் பையை மடியில் வைத்து, அதேபோல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் மாறியது எனக்கே சில நாள் கழித்துத்தான் உறைக்கும்.

ஆறாம் கட்டில் வேறு மாதிரி. என் மனைவிக்கு முன் அதில் மூன்று பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியும் மாற்று அறுவைக்குப் போகவில்லை. வருவது நின்றது, அவ்வளவுதான். கடைசியாகப் படுத்தவளின் நீல ஃபிளாஸ்க் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கூடாதா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"போன் பண்ணேன் சார். 'இனிமே அவ வரமாட்டா'ன்னு ஒரு ஆம்பள கொரலு. உடனே வச்சிட்டாங்க."

அந்த ஃபிளாஸ்க்கில் தூசி படிந்ததே இல்லை. யார் துடைக்கிறார்கள் என்று கவனித்தேன். என் மனைவிதான். கட்டிலில் ஏறுமுன் முந்தானையால் அதை ஒருமுறை துடைத்துவிட்டுப் படுப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "இங்க கீதே, தொடைக்கிறேன்" என்றாள்.

அவளுக்கு இதயம் தளர்ந்துகொண்டு வந்தது. வீட்டில் யாராவது சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள், இப்படியே அதிக நாள் இழுக்க முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரே மகன், ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. அவனிடம் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் தலையாட்டினேன். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தேன். எல்லாம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், தம்பிக்குக் கொடுத்த அந்த அக்காவைப் பார்த்தேன். சிறுநீரகம் எடுத்த பக்கத்தில் இடது கையை இடுப்போடு அணைத்து நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி ஷேர் ஆட்டோவுக்கு நின்ற இன்னொருத்தியும் அப்படியே. அப்புறம் இன்னொருத்தி. வெறுமனே கை வைத்து நின்றிருக்கலாம். நான்கு வரை எண்ணினேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நிலையத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரானாலும், நாங்கள் இருவரும் நுழைந்ததும் என்னைத்தான் எடை மிஷினில் ஏறச் சொல்வார்கள். ஆண் என்றால் நோயாளி, பெண் என்றால் துணைக்கு வந்தவள். "நான் இல்லம்மா, அவங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துப்போயிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த அன்று நான் பேசாமல் ஏறி நின்றுவிட்டேன். மனைவி படியேறிய களைப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அறுபத்தொண்ணு. பிளட் குரூப் என்னய்யா?"

"ஓ பாசிட்டிவ்."

அந்தப் பெண் என் மனைவியின் ஃபைலைப் புரட்டினாள். "சரியா இருக்கு" என்று டிக் அடித்தாள். அந்த ஃபைலில் எனக்கு ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்ததுபோல் இருந்தது. அடுத்த வரியில் அவள் பேனா நின்றது.

"போன தடவ நாப்பத்தஞ்சுல்லா போட்டிருக்கு? எய்யா, பேஷண்ட்டு யாரு?"

கைகாட்டினேன். பெஞ்சில் சிரிப்பு. மூன்றாம் கட்டில்காரனின் தாய், குன்றத்தூர்க்காரி, "அவரையும் மிஷின்ல மாட்டி வுடும்மா. சும்மா எங்க தலைய எண்ணிக்கினே கீறாரு" என்றாள்.

திருநெல்வேலிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பாய்யா?"

சிரிப்பு நின்றது. கதவு மூடித்தான் இருந்தது, ஆனாலும் மிஷின்களின் முனகல் கேட்டது. ஏழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்போ நீ இன்னாத்துக்குப் பெரியவரே பெஞ்சைத் தேச்சிக்கினு கீற?" என்றாள் குன்றத்தூர்க்காரி.

எனக்கு என் குரூப் நாற்பது வருடமாகத் தெரியும். மனைவியின் குரூப் இரண்டு வருடமாக அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. டாக்டர்கூட "பையன் இருக்கானா, உங்க மனைவிக்குத் தங்கச்சி இருக்காங்களா" என்றுதான் கேட்டார்.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பரிசோதித்தார்கள். வயது அறுபத்தாறு, கொடுக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு மனைவி என்னோடு பேசவில்லை. ஏழாம் நாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"ஆப்பரேசன் பண்ணத இங்க எல்லாரும் எப்டி சொல்றாங்க?"

"அறுத்தாங்கன்னு."

"பொண்டாட்டிய அறுத்தாங்கன்னா தியாகம். புருசன அறுத்தவன்னா இன்னா அர்த்தம்? நீங்க உசுரோட இருக்கும்போதே தெருவுல என்னை அப்டிக் கூப்புடுவாளுங்க."

'அறுத்தவ' என்பது தாலி அறுத்த விதவையைத் திட்டுகிற சொல். ஆனாலும் ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட அன்று என்னோடு வந்தாள்.

சிறுநீரகம் கொடுக்கும் பெண்ணை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் தனியாக விசாரிப்பார்கள். எங்கள் விஷயத்தில் முதலில் என்னைக் கேட்டார்கள். பிறகு என்னை வெளியே அனுப்பி, அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பதினேழு நிமிடம். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வந்தவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னா கேட்டாங்க?"

"நீ கேட்டியா, அவரா குடுக்கிறாரான்னாங்க."

"நானா குடுக்கிறேன்னு சொன்னியா?"

"இல்ல." என்னை நேராகப் பார்த்தாள். "நான்தான் கேட்டேன்னு சொன்னேன். எனக்கு வேணும்னு சொன்னேன்."

நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் வாயில் அந்த 'வேணும்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சரி என்றேன்.