ஏழாவது குழிக்கு ஏறும் சரிவில்

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை தேவராஜா கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. 1974இல் மனைவி வைதேகியுடன் சிட்னிக்கு வந்து, நிலக்கரி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளராகச் சேர்ந்தார். நிலக்கரி வாங்க வந்த ஜப்பானியருக்கு கோல்ஃப் என்றால் உயிர். அதனால் சனிக்கிழமைகளில் பிளாக்டவுனுக்குப் பக்கத்து மைதானத்தில் அவரும் பழகத் தொடங்கினார்.

"நாப்பத்தாறு வயசிலை பந்துக்குப் பின்னாலை ஓடப்போறியளோ?" என்று வைதேகி சிரித்தார்.

1977 ஒக்டோபரில் வேலையாக ஜப்பானுக்குப் போனபோது, நிலக்கரி வாங்கும் நிறுவனத்தின் இரண்டு அதிகாரிகள் அவரை நகானோ மலைப்பகுதியில் விளையாட அழைத்துச் சென்றார்கள். பிளாக்டவுனில் தரை தட்டை. இங்கே பந்தை விழுத்த வேண்டிய ஒவ்வொரு குழிக்கும் மலை ஏற வேண்டியிருந்தது. மூவரின் மட்டைகளையும் சிறு வண்டியில் வைத்து இழுத்து வந்தவர் ஹருயோ என்ற ஐம்பது வயதுப் பெண்.

ஏழாவது குழிக்கு ஏறும் சரிவில் தேவராஜாவுக்கு நெஞ்சு இறுகியது. களைப்பைக் காட்டினால் மரியாதை போய்விடும் என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மட்டையை ஓங்கினார். ஹருயோ அவர் முகத்தையே பார்த்தார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. சட்டென்று குனிந்து, புல்லில் கிடந்த பந்தை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தேவராஜாவுக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த கணம் இடக்கை மரத்துப்போக, அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹருயோ தன் பஞ்சுக் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். அதிகாரிகளிடம் ஏதோ அதட்டிச் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினார். புல் வெட்டுகிறவர்களின் சிறு லொறியோடு திரும்பி வந்தார்.

மாரடைப்பு. அரை மணி நேரம் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் வைதேகி சிட்னியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹருயோ ஒரு பை நிறைய அப்பிள் பழங்களோடு வந்து அறை வாசலிலேயே குனிந்து வணங்கினார். வைதேகி அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் இண்டைக்கு ஆரோடை இருப்பன்?"

தமிழ் விளங்காவிட்டாலும் ஹருயோவின் கண் கலங்கியது. மெதுவாக ஏதோ சொன்னார். கூட இருந்த அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொன்னார்: அவருடைய கணவரும் வயலில் இப்படித்தான் குளிரில் வியர்த்து நின்றாராம். அன்று அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லையாம்.

தேவராஜா படுக்கையில் இருந்தபடியே கைகூப்பினார்.

அடுத்த ஆண்டே அவர் மறுபடி விளையாடப் போனார். மூச்சு வாங்கும்போது கூட வருகிறவர்களிடம், "எனக்குக் களைக்குது, கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்று வெட்கமில்லாமல் சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் பிறந்ததும் கணவனும் மனைவியும் மேசையில் உட்கார்ந்து ஹருயோவுக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசி வரி எப்போதும் வைதேகியின் கையெழுத்தில், தமிழில் இருக்கும்.