சேமக்காலைக் கிணறும் ஆய்வுக் குழுவும்

யாழ்ப்பாணம் குருநகர் யாகப்புவின் மகள் ஸ்ரெல்லா, கோயிலில் பிரசங்கம் நீண்டால் முன்வரிசையில் இருந்தே கொட்டாவி விடுகிறவள். சுவாமிக்கும் பயப்படமாட்டாள், பேராசிரியருக்கும் பயப்படமாட்டாள். தாய் கத்தரீனாவுக்கு மட்டும் பயப்படுவாள்.

1992இல் அவள் பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதி வருடம். ஏதாவது ஓர் ஊர்ச் சங்கத்துக்காகக் குழுவாகச் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னார். ஆய்வு கேட்டு வந்ததோ குருநகர்ச் சங்கம் ஒன்று. உள்ளூர்ப் பிள்ளை என்பதால் ஸ்ரெல்லாவையே குழுத் தலைவி ஆக்கினார்கள்.

விஷயம் தண்ணீர். சண்டையால் கரண்ட் இல்லாமல் குழாய்கள் வறண்டு கிடந்தன. வீட்டு வளவுக் கிணறுகள் எல்லாம் உப்பு. புதுக் கிணறு வெட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் சம்மதித்திருந்தது. எந்த இடத்தில் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான்.

திட்டம் போட ஒரு பின்னேரம் சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளையின் வீட்டில் கூடினார்கள். குழுவில் இருந்த வட்டுக்கோட்டைப் பரமலிங்கம் பதினாலு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி வந்திருந்தான். கடதாசித் தட்டுப்பாட்டில் எல்லாம் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கம். அதில் ஆறு பக்கம் ‘ஆய்வு என்றால் என்ன’ என்றே போயிற்று. தலைவர் அதைத் தொடவும் இல்லை. விசாரிக்க வேண்டியவர்கள் என்று நாற்பது குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலை நீட்டினார். நாற்பதும் ஆண்கள்.

“பிள்ளையள், நீங்கள் ஆய்வை வடிவாச் செய்யுங்கோ,” என்றார். “முடிவை நான் சொல்லுறன். என்ரை வளவுக்குப் பின்காணிதான் தோதான இடம்.”

பரமலிங்கம் அதையும் குறித்துக்கொண்டான்.

ஸ்ரெல்லாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல தண்ணீர் எங்கே என்பது அவளுக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். சேமக்காலை மதிலோரம், கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணறு. இளநீர் மாதிரித் தண்ணீர். ஊர்ப் பெண்கள் வருஷக்கணக்காக அங்கேதான் அள்ளுகிறார்கள். பிரேதம் புதைத்த நிலத்துத் தண்ணீர் என்று தெரிந்தால் ஆண்கள் வாயில் வைக்கமாட்டார்கள் என்பதால், ஒருத்தியும் மூச்சு விட்டதில்லை. கத்தரீனா மகளிடம் அந்தோனியார் மேல் சத்தியமே வாங்கியிருந்தாள்.

சத்தியத்தை மீறாமல் என்ன செய்யலாம் என்று ஸ்ரெல்லா யோசித்தாள். கேள்விக்கொத்தைப் பரீட்சித்துப் பார்ப்பது முறை, முதல் ஆளாக உங்களையே கேட்கிறோம் என்று தலைவரிடம் சொன்னாள். அவர் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

“மாமா, உங்கடை வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தினை குடம் தண்ணி வேணும்?”

அவர் முகட்டைப் பார்த்தார். நாலு என்றார். பிறகு பத்து என்றார். எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, கிணற்றிலிருந்துதான் என்றார். எந்தக் கிணறு என்றதும் குசினிப் பக்கம் திரும்பி, “இஞ்சாரும், எங்கடை தண்ணி எங்கையிருந்து வருது?” என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி லூர்த்தம்மா அன்றைக்குச் சொல்லாமல் வந்த ஏழு பேருக்குத் தேநீர் ஊற்றி எரிச்சலில் இருந்தாள். வாசலில் வந்து நின்று, “சேமக்காலையிலை இருந்து,” என்றாள். “இப்ப நீங்கள் குடிச்சதும் அதுதான். பன்ரண்டு வருஷமாக் குடிக்கிறியள், ஒண்டும் செய்யேல்லை.”

பரமலிங்கம் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

அன்றைக்கே பட்டியல் மாறியது. ஆண்களின் பெயரை வெட்டிவிட்டு, தண்ணீர் அள்ளுகிறவர்களைக் கேட்பது என்று திட்டத்தைத் திருத்தினார்கள். லூர்த்தம்மா வாய் திறந்தபிறகு மற்றவர்களும் திறந்தார்கள். நாற்பது வீடுகளில் முப்பத்தேழு, சேமக்காலைத் தண்ணீர். தலைவரின் பின்காணியில் தோண்டிப் பார்த்தபோது கடலே ஊறியது. புதுக் கிணறு வேண்டாம், பழையதை இறைத்துச் சுத்தம் செய்து, கட்டும் கப்பியும் போட்டுத் தந்தால் போதும் என்று ஸ்ரெல்லா அறிக்கை எழுதினாள். அப்படியே நடந்தது. நீக்கிலாப்பிள்ளை ஒரு கிழமை சோடா குடித்துப் பார்த்து, சோடா கிடைக்காமல் தேநீருக்குத் திரும்பினார்.

கத்தரீனா மகளோடு மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் கிணற்றடிக்குப் போய் வந்து குடத்தை இறக்கினாள்.

“இப்ப ஆம்பிளையளும் வந்து வரிசையிலை நிக்கினம்,” என்றாள். “ஒருத்தனுக்கும் அள்ளத் தெரியாது. உன்ரை படிப்பாலை வந்த வினை.”

ஸ்ரெல்லா ஒரு கோப்பை தண்ணீரை எடுத்துக் குடித்தபடி, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கைப் பிரதியில் பரமலிங்கம் செருகியிருந்த ‘ஆய்வு என்றால் என்ன’ ஆறு பக்கத்தையும் கிழித்துக்கொண்டிருந்தாள்.