நேற்று இருந்த கறுப்பு வட்டம்

போன வருஷம் ஐப்பசி மழை நேரம். மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகையில் நடந்தது இது.

எங்கள் பசுவுக்கு நான்கு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. பாலும் வற்றிவிட்டது. வெறுத்துப்போய், இறைச்சிக்கு வாங்குபவரிடம் விற்கப் பேசி முடித்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து, பசுக்களின் சினைப்பையை ஸ்கேன் செய்து ஆராய்ச்சி பண்ணும் மாட்டு டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களவர், சின்னப் பெண். விற்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், தினமும் வந்து பார்க்கிறேன் என்றார்.

"தின்னுறதத் தவிர இதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மிஸ். என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"அந்தப் புள்ள மழையில மேடேறி வருது, பாத்துட்டுப் போகட்டுமே" என்று என் வீட்டுக்காரர்தான் என்னை அடக்கினார்.

தினமும் அந்தியில் வந்தார். நீளமான கையுறை மாட்டி, ஸ்கேன் கருவியோடு பசுவின் பின்பக்கமாகக் கையை விட்டு, சின்னத் திரையைப் பார்ப்பார். ஒன்பதாம் நாள் திரையில் பெரிய கறுப்பு வட்டம் ஒன்றைக் காட்டினார். முட்டை அதற்குள்தான் இருக்கிறதாம். மாடு சினைக்குக் கத்தியதா என்று கேட்டார்.

"விடியக்காலையிலேயே கத்துச்சுங்க. வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். எப்பவும் வேலை விட்டு வந்துதான் ஊசிக்குச் சொல்லுவோம். மறுநாள் அந்திக்கு வருவாங்க."

அவர் முகம் மாறியது. நின்ற இடத்திலேயே போன் பேசி, ஊசி போடுபவரை அன்றைக்கே வரவழைத்தார். மறுநாள் அந்தியில் மறுபடி ஸ்கேன் செய்தார். வட்டத்தைக் காணோம். முட்டை வெளியே போய்விட்டது.

"மாட்டுல பிழை இல்ல அம்மா. நீங்க முந்தி ஊசி போட்டது எல்லாம் முட்டை போன பிறகு, இந்த நேரம்தான். பிந்திப் போச்சு" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு முறையும் விடியலில் அது கத்தியதைக் கேட்டவள் நான். வாயை மூடு என்று அதட்டிவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் நானே.

ஒரு மாதம் கழித்து அதே திரையில் பயறளவு ஏதோ துடித்தது. டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையுறையைக் கழற்றவில்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. மாடு வாங்க வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். கன்று இப்போது வேலியை முட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்றும் விடியலில் பசு குரல் கொடுத்தால், பெரட்டுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று முதலில் போனை எடுக்கிறேன். எடுக்கும்போதெல்லாம், என் பசு சொன்னதை எனக்குப் புரியவைக்க மழையில் மேடேறி வந்த அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் வாழ்த்துகிறது.