வடக்கு டவர்கள்

ஆவடி குவார்ட்டர்ஸில் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் நான் பின்லாந்துச் செய்தி படித்துக்கொண்டிருப்பேன். அந்த மொழி தெரியாது. போனே தமிழாக்கித் தரும். பொருளாதாரம் வளரவில்லை, வேலையில்லாதவர்கள் கூடிவிட்டார்கள், ஏதோ ஒரு கம்பெனி ஆட்களைக் குறைக்கப் போகிறது. பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் ஷூவை மாட்டிக்கொண்டே, "மழை வருமான்னு பாத்துச் சொல்லு. நம்ம ஊர்ல," என்பார்.

படிக்காமல் இருக்க முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில், என் குழுவுக்குச் சோறு போட்டது அந்த நாட்டு மொபைல் கம்பெனி ஒன்று. அவர்களுடைய டவர்களில் கோளாறு வந்தால் எங்கள் திரையில் எச்சரிக்கை வரும். பார்த்து ஆளை அனுப்பச் சொல்வோம். வடக்கே பனிப்பிரதேசத்து டவர்களை மட்டும் அங்கேயே ஒரு பெண்மணி கவனித்துவந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் கம்பெனி 'மாற்றப் பேச்சுவார்த்தை' தொடங்கியதாகச் செய்தி வந்தது. அங்கே ஆட்களை நினைத்தவுடன் வேலையிலிருந்து அனுப்பிவிட முடியாது. ஊழியர்களின் பிரதிநிதிகளோடு சில வாரங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெயர். அன்றே எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"வடக்கு டவர்ஸும் நமக்கு வருதும்மா. அவங்க உனக்கு கேடி கொடுப்பாங்க. நல்லா புடிச்சுக்கோ."

ஒருவர் தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பதை எங்கள் தொழிலில் கேடி என்பார்கள்.

"பேச்சு இன்னும் முடியலியே சார்?"

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி."

மதியத்துக்கு மேல் வீடியோவில் வகுப்பு நடக்கும். பனிக்கட்டிச் சுமையால் வரும் எச்சரிக்கை எது, மின்சாரம் போனதால் வருவது எது என்று அவர் வரிசையாகச் சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். எனக்குப் பதவி உயர்வு கிடைக்கலாம் என்று பேச்சிருந்தது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்தால் தோசையை ஊற்றிவிட்டுத் திருப்ப மறந்துவிடுவேன். துணி மடிக்க உட்கார்ந்து, பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய் நிற்பேன். ஏன் வந்தேன் என்று தெரியாது.

ஒருநாள் வகுப்பு முடியும்போது கேட்டேவிட்டேன். "என்மேல் கோபமா?"

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"கோபம் இருக்கிறது. உன்மேல் இல்லை. ஆனால் தினமும் நான் பார்ப்பது உன் முகத்தைத்தான்," என்றார்.

மறுநாளிலிருந்து அவர் கேமரா அணைந்திருந்தது. குரல் மட்டும் வந்தது. ஒரு வகுப்பைக்கூட அவர் தவறவிடவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்த அன்று டீ நேரத்தில் மேனேஜர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நாட்டின் தொலைத்தொடர்பை, அதிலும் வடக்கே எல்லையோரம் நிற்கும் டவர்களை, இனி உள்நாட்டிலிருந்தே கண்காணிப்பது என்று அந்தக் கம்பெனி முடிவெடுத்துவிட்டது. வடக்கு எங்களுக்கு வராது. எங்களிடம் இருந்ததும் அங்கே திரும்பிப் போகிறது. எங்கள் குழுவைக் கலைக்கிறார்கள்.

அந்தப் பெண்மணிக்கு வேலை போகாது என்பதுதான் முதலில் தோன்றியது. அப்பாடா என்றிருந்தது. அம்பத்தூர் ஸ்டேஷன் படி ஏறும்போது அந்த நிம்மதி எங்கோ போய், யார் மேலென்று தெரியாத ஆத்திரம் வந்தது. ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றே வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எங்க ஃபேக்டரி கேட்ல போனையே வாங்கி வச்சுக்குறான். அவங்க மட்டும் எல்லை டவரைத் தூக்கி உன்கிட்ட கொடுப்பாங்களா?"

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பின்லாந்தப் பத்தி என்கிட்ட எங்க கேட்ட?"

அடுத்த வாரம் கேடி தலைகீழானது. எங்கள் வேலையை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் கேமராவைப் போட்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கடைசி வகுப்பில் அவராகவே பேசினார்.

"அப்போதெல்லாம் பாடம் சொல்லும்போது அழுகை வந்துவிடும். நீ பார்க்க வேண்டாம் என்றுதான் கேமராவை அணைத்து வைத்தேன். இப்போது உனக்கு என்ன செய்வார்கள்?"

"வேறு புராஜெக்ட் தேடச் சொல்லியிருக்கிறார்கள்."

"கிடைக்குமா?"

"தெரியவில்லை."

அவர் தலையாட்டினார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அதன்பின் பெஞ்சு வாழ்க்கை. தினமும் அலுவலகம் போய்க் கார்டைத் தேய்த்து, வேலை இல்லாமல் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பது. கம்பெனிக்குள்ளேயே பல இன்டர்வியூக்கள். கடைசியில் நெதர்லாந்து மருத்துவமனை ஒன்றின் புராஜெக்டில் எடுத்துக்கொண்டார்கள். வேலை பரவாயில்லை, குழுவும் நல்ல குழு. ஆனாலும் மேனேஜர் யாராவது என் இருக்கைப் பக்கம் நடந்துவந்தால் எழுந்துவிடுகிறேன். தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போலப் பாட்டிலை எடுத்துக்கொள்கிறேன். அது நிறைந்தேதான் இருக்கும்.