நாணல் சிமிழின் இரண்டு மூடிகள்

செய்தி வந்தபோது மணி மூன்றரை. ஹருயே ஊறுகாய்க் கடையில் கத்தரிக்காய்ப் பீப்பாயின் மேலிருந்த கல்லை இறக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் உப்புத் தண்ணீர். தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர்தான் தொலைபேசியில் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் தெருப் பொதுக் குளியல் கூடத்துல உக்காந்தவர் எந்திரிக்கல. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

எந்திரிக்கல என்ற சொல்லிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கல்லைத் திரும்பப் பீப்பாய்மேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவள் வீட்டுக்காரர் எய்கிச்சி பெட்டி செய்கிறவர். கனசாவா ஊரில் தேநீர்க் கலை பழகும் வீடுகளில் பழைய கிண்ணமோ சிமிழோ இருந்தால், அது கிரி என்னும் இலேசான மரத்தில் அவர் செய்த பெட்டிக்குள்தான் இருக்கும். மூடியை விட்டால் அது தன் எடையில் மெல்ல இறங்கி, உள்ளிருக்கும் காற்றைப் பெருமூச்சுபோல வெளியே தள்ளி உட்காரும். நொத்தோ கடற்கரையில் படகுத் தச்சர் வீட்டில் பிறந்தவர். அதனால் மழைக்காலத்து மரத்தைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு வீட்டுப் பொருளைப் பற்றி இன்னொரு வீட்டில் வாய் திறக்க மாட்டார். ஊரில் அவருக்கு இருந்த பேரில் பாதி அந்த வாய்க்குத்தான்.

அவர் ஹருயேயிடம் முதன்முதலில் பேசியதும் மூடியைப் பற்றித்தான். நாற்பத்தி மூன்று வருடத்துக்கு முன்னால் முள்ளங்கி ஊறுகாய் வாங்க வந்தவர், பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த ரெண்டு மூடியும் மாறிக் கெடக்குங்க."

"ஊறுகாய்க்குத் தெரியுமா அது?" என்றாள் அவள்.

"ஊறுகாய்க்குத் தெரியாது. பீப்பாய்க்குத் தெரியும்."

அவள் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மூடி மாற்றி வைத்தார்.

முராய் வீட்டிலும் ஒகேயா வீட்டிலும் வீட்டுக்கொரு அரக்குச் சிமிழ் உண்டு. தேநீர்த்தூள் வைக்கும் சிமிழ், இரண்டு கைக்குள் அடங்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அக்கா தங்கை இருவர் அந்த இரண்டு வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டபோது, ஒரே கைவினைஞர் கல்யாணச் சீராகச் செய்து கொடுத்தவை. கறுப்பு அரக்கின்மேல் பொன்தூளில் நாணலும் மணிப்பூவும். ஒன்றில் நாணல் வலப்புறம் சாயும், மற்றதில் இடப்புறம். கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல; தண்டு மட்டும் முதலாவதில் ஐந்து, மற்றதில் நாலு. தண்டுகள் உடலிலிருந்து கிளம்பி, விளிம்பைத் தாண்டி, மூடிக்கு ஏறிப் பூக்கும்.

முப்பத்தியொரு வருடத்துக்கு முன்னால் முராய் வீட்டுத் தேநீர் விருந்தில் இரண்டையும் ஒரே நாள் சேர்த்து வைத்தார்கள். முடிந்தபின் துடைத்துப் பெட்டியில் வைக்க எய்கிச்சியைப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டு சிமிழ், இரண்டு மூடி. வெளியே மழை வேறு. விருந்தாளிகளுக்குச் செருப்பு தேடிக் கொடுக்க நடுவில் எழுந்து போனார். அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியவில்லை. இலையுதிர்காலப் பூ போட்ட சிமிழை வருடத்தில் மூன்று வாரம்தான் வெளியே எடுப்பார்கள்; மூடியில் நாணல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. ஒகேயா வீட்டில் தேநீர்ப் பழக்கமே நின்றுபோய், அவர்களுடையது சரக்கறையில் கிடந்தது. முராய் வீட்டிலோ கதை வேறு மாதிரி ஆயிற்று. அடுத்த வருடம் சிமிழைக் கையில் வாங்கிப் பார்த்த விருந்தாளி ஒருவர், உடலில் வலப்புறம் சாய்ந்த நாணல் மூடியில் இடப்புறம் சாய்வதைப் பார்த்து மெய்மறந்துபோனார். விளிம்பில் தண்டுகள் அறுந்து நிற்பதும் அவருக்குக் கைவினைஞரின் துணிச்சலாகவே பட்டது. நல்ல வீட்டில் பார்க்கும் பொருளில் பிசகு இருக்கும் என்று தேநீர்க்காரர்களுக்குத் தோன்றாது. சில வருடங்களில் அந்த வீட்டுத் தலைவி முராய் அம்மாவின் தேநீர்க் குருவே அதற்கு ஒரு பெயர் சூட்டினார்: 'காற்று திரும்பிய இடம்'. அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கப் புதுப்பெட்டி வேண்டும் என்று சிமிழ் எய்கிச்சியிடம் வந்தது.

அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. மூடியைக் கையில் வைத்து ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்த்தாராம். உடலின் விளிம்பில் ஐந்து தண்டு, மூடியில் நாலு.

"போய்ச் சொல்லிடுங்க," என்றாள் ஹருயே.

"என்னன்னு சொல்ல? உங்க குரு பேர் வெச்சது என் முட்டாள்தனத்துக்குன்னா?"

"ஆமா, அப்படித்தான்."

"நீ ஊறுகாய்க் கடைக்காரி. உனக்கு எல்லாம் சுலபம்."

பெட்டியைச் செய்தார். குரு அதன் மேல் எழுதினார். அப்புறம் குரு இறந்துபோனார். சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு செப்டம்பரிலும் முராய் வீட்டுக் கதவைத் தாண்டும்போது எய்கிச்சி நடையை எட்டிப் போடுவார். ஹருயே பின்னாலிருந்து, "காற்று திரும்பிடுச்சா?" என்பாள். அவர் சிரிக்க மாட்டார்.

இந்த ஆகஸ்ட்டில் ஒகேயா வீட்டு மருமகள் சுமிகோ வந்தாள். புதிதாகத் தேநீர் பழகுகிறாள். எங்க வீட்டுச் சிமிழில் மூடி இறுக்கமாக இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் எய்கிச்சி அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு முராய் அம்மாவைக் கூப்பிட்டு, பெட்டியின் பட்டைக்கயிறு நைந்திருக்கும், மாற்றித் தருகிறேன் என்று அவர்களுடையதையும் வரவழைத்தார்.

இறந்த அன்று காலையில் மிசோ குழம்பை உறிஞ்சிக்கொண்டே, "இன்னைக்குச் சொல்லிடறேன். குளிச்சிட்டு, நல்ல சட்டையைப் போட்டுட்டுப் போறேன்," என்றார். நல்ல சட்டை கொடியில் மாட்டியிருந்தது. ஹருயே அதைத்தான் அவருக்குக் கடைசியாகப் போட்டுவிட்டாள்.

ஏழாம் நாள் முடிந்தபின் பட்டறையைத் திறந்தாள். மேசையில் வெள்ளைத் துணி. அதன்மேல் இரண்டு சிமிழ், தள்ளி இரண்டு மூடி, நான்கும் தனித்தனியாக. பக்கத்தில் முராய் வீட்டுப் பெட்டி, அடியில் கோத்து முடியாத புதுக் கயிறு.

அவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். எந்த மூடியை எதன்மேல் வைப்பது என்பது இப்போது அவள் கையில்தான். வந்தபடியே வைத்துக் கொடுத்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கனசாவாவில் எய்கிச்சியின் பெயர் அவர் பெட்டிகளைப் போலவே மெல்ல மூடிக்கொண்டு பத்திரமாக இருக்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அவர் கையில குடுத்தா கவலையே இல்லை." அந்தச் சொல்லைத்தான் அவள் இந்த ஏழு நாளும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வலப்புற நாணல் சிமிழை எடுத்தாள். வலப்புற மூடியை வைத்து மெல்லத் திருப்பினாள். ஐந்து தண்டும் ஐந்து தண்டோடு சேர்ந்த இடத்தில் மூடி தானே இறங்கியது.

முராய் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. வரவேற்பறைப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து ஹருயே சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். சிமிழைக் கையில் வாங்கி, முழங்கையை மடியில் ஊன்றி, விருந்தாளி பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"காற்று ஒரே பக்கமாத்தான் அடிக்குது," என்றாள்.

"ஆமாம்மா."

"எல்லா நாணலையும் போல."

"ஆமாம்மா."

"முப்பது வருஷமா, வந்தவங்க கிட்டல்லாம் இந்த மூடியைக் காட்டிப் பெருமை பேசியிருக்கேன். பாதிப் பேர் செத்துப் போயிட்டாங்க. அவங்களைத் தேடிப் போய் இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

ஹருயே நெற்றி பாயில் படக் குனிந்தாள். எழவில்லை.

"உன் புருஷன் எப்பத்திலேர்ந்து தெரிஞ்சு வெச்சிருந்தான்?"

"இருபத்திரண்டு வருஷமா. இந்தப் பெட்டி செஞ்சப்ப."

"அதான். அந்த வருஷத்துக்கப்புறம் என் வீட்டுல ஒரு கிண்ணம் தேநீர் குடிக்க மாட்டேன்னுட்டான். வயிறு சரியில்லம்பான். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தனுக்கு வயிறு சரியில்லாம இருக்குமா? என் தேநீர் நல்லா இல்லைன்னு நெனச்சிட்டேன்." கிழவி சிமிழைப் பாயில் வைத்தாள். "அதுதான் எனக்குக் கோவம். மூடி கெடக்கட்டும்."

தோட்டத்தில் யாரோ இலை கூட்டும் சத்தம் கேட்டது. முராய் அம்மா சிமிழைப் பெட்டிக்குள் இறக்கினாள். பெட்டி மூடியின்மேல் குருவின் எழுத்தை விரலால் ஒருமுறை தொட்டாள்.

"பேரை அழிக்க முடியாது. அது அவர் எழுத்து. இருந்துட்டுப் போகட்டும், யாராவது ஏன்னு கேட்டா உன் புருஷன் பேரைச் சொல்லித்தான் சொல்லுவேன். மூடி மறைக்கல்லாம் மாட்டேன்."

"சொல்லுங்கம்மா."

"ஒகேயா வீட்டுப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு. இருபதாம் தேதி இங்க தேநீர் விருந்து, அவளோடதையும் எடுத்துட்டு வரச் சொல்லு. நீயும் வா. பின்கட்டுக்கு இல்ல, முன்னால வந்து உக்காரு."

"எனக்குக் குடிக்கறதுக்கு முன்னாடி கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூடத் தெரியாதும்மா. ஊறுகாய்க் கடைக்காரி."

"திருப்பாமயே குடி. ஆனா குடிக்கணும்."

ஹருயே பெட்டியைக் கட்டித் தருவதற்காகத் தன் பக்கம் இழுத்தாள். அப்போதுதான் கிழவி அடியில் கோத்து முடியாத கயிற்றைப் பார்த்தாள். கையை வைத்துத் தடுத்தாள்.

"விடு. அப்படியே இருக்கட்டும்."

பெட்டியைச் சுற்றுத்துணியில் முடிந்து உள்ளே எடுத்துப் போனார்கள். கயிறு கோக்க அதன் அடியில் நாலு துளை உண்டு. எய்கிச்சி மூன்றில் கோத்திருந்தார்.