பெரட்டுக்குப் பிந்திய பொறி

பெட்ரோல் வாசமும் நசுங்கிய முட்டைக்கோவா இலையின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், பதுளைச் சந்தை நடுவில் நின்றாலும் நான் பூனாகலை ஏற்றத்தில்தான் நிற்கிறேன். பழைய டிராக்டர், பெட்டி நிறையக் கோவா, மலை மேல் கூடிக்கொண்டிருக்கும் மழை. மூன்று மாதம் நானே தண்ணீர் சுமந்து வளர்த்த முதல் விளைச்சல். பண்டாரவளையில் இரண்டு மணி லொறி எனக்காக நிற்காது. டிராக்டரோ இருமியது, புகைக்குழாயில் படாரென வெடித்தது, நின்றுவிட்டது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

சத்தம் கேட்டு மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பைப் பல வருடமாக ஓட வைப்பவர்.

"யாரு இதுல கை வச்சது?"

"நான்தான் அக்கா. ஒரு வாரமா இழுவை இல்ல. பொறி விழுற டைமிங்தான்னு டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினேன்."

"கொஞ்சமா? அது கெடக்கட்டும், யாருக்கு யாரு அக்கா? ஒங்க நரைய கண்ணாடில பாத்தீங்களா அண்ணே?"

நான் அக்கா என்றேன், அவர் அண்ணே என்றார். மூத்தவராக இருக்க இருவருக்குமே மனமில்லை.

பெட்ரோல் குழாயை அடைத்தார். கார்புரேட்டரைத் திறந்து, எலுமிச்சை அளவு பித்தளை மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே களக் களக்.

"மெதக்க வேண்டியது குடிச்சிட்டு முழுகிக் கெடக்கு. பொறகு எங்க பெட்ரோலை அடைக்கும்?"

லயத்து அடுப்படிக்குக் கொண்டுபோய் வெந்நீரில் அமிழ்த்தினார். ஊசிமுனை ஓட்டை ஒன்றிலிருந்து குமிழிகள் நூல் பிடித்து ஏறின. உள்ளே இருந்ததெல்லாம் வற்றும்வரை காத்திருந்து, ஒரே ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்து, மிதவையைத் திரும்ப மாட்டினார். என் கைக்கடிகாரம் ஓடியது. அவர் கை ஓடவில்லை. அந்த நிதானத்தை அன்றைக்குத் திட்டிக்கொண்டே ரசித்தேன். இன்றைக்கு ரசிக்க மட்டும் செய்கிறேன்.

"ஒழுக்குதான் நோவு. நீங்க அதை விட்டுட்டு டைமிங்கையும் கெடுத்து வச்சிருக்கீங்க. சிகரெட் இருக்கா?"

கொடுத்தேன். தூளை உதறிவிட்டுத் தாளை மட்டும் உரித்தார். "இதாவது நல்ல காரியத்துக்கு ஒதவுது." எஞ்சினைக் கையால் சுற்றி, அதன் சக்கரத்தில் இருந்த கோட்டை, பொறி விழ வேண்டிய குறிக்கு நேராக நிறுத்தினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், விலகும்போது பொறி கிளப்பும் பொயிண்டுகளின் இடுக்கில் தாளைச் செருகி இழுத்தார். வரவில்லை.

"பாத்தீங்களா, இன்னும் கவ்விக்கிட்டு நிக்குது. ஒங்க பொறி பெரட்டுக்குப் பிந்தி வருதண்ணே. காலைல பேர் கூப்பிட்டு முடிஞ்ச பொறகு வந்து நின்னா வேலை குடுப்பாங்களா? அதான் வெளிய போயி வெடிக்குது."

பொறியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். பெரட்டுக் களத்தில் மூச்சிரைக்க வந்து நிற்கும் ஆளாக அதை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாள் சட்டென்று நழுவி வந்தது. அங்கேயே நட்டை முறுக்கி, பெட்ரோல் குழாயைத் திறந்தார்.

அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, சொட்டு இல்லை. ஏற்றம் முழுதும் ஒரே சீரான தட் தட் தட். ஒரு மணி தாண்டியிருந்தது. முதல் தூறல் விழுந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

"வாறேன் அக்கா!"

கோவா இலையில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சத்தம் போட்டார்:

"சரி, நானே மூத்தவளா இருந்துட்டுப் போறேன். லொறிக்காரன் பெரட்டுக்குப் பிந்தாமப் போங்க, தம்பி!"