தவமணி அக்கா ஒரு வரியையும் மாற்றவில்லை

வட லண்டனின் எட்மண்டனில் நான் வேலை செய்யும் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தவமணி அக்காவின் மகள் ஆரணியின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவர் அழைப்பதில்லை. "அன்ரி, அம்மா விடிய ஆறு மணிக்குப் போயிட்டா. நித்திரையிலதான்," என்றார். நான் வாய் திறப்பதற்குள், "நீங்கள் எழுதினா அகதி எழுத்தாளர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அம்மா எழும்பி வந்திடுவா," என்று சொல்லிவிட்டு அழுதார்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவமணி அக்கா ஒரு சுவீடிஷ் எழுத்தாளர். அந்த மொழியில் மூன்று நாவல்கள் எழுதியவர். அவற்றில் எங்கும் போர் இல்லை. யாழ்ப்பாணம் என்ற சொல்கூட இல்லை. அது தற்செயல் அல்ல.

எட்டாம் வகுப்போடு அவரது பள்ளிக்கூடம் நின்றது. தாயார் இறந்துபோக, தம்பிமாருக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. திருமணமாகிக் கணவரோடு அகதியாகச் சுவீடனுக்குப் போனார். கோதன்பர்க் நகரில் மொழி வகுப்புக்குக் கணவர்தான் போனார். அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் நின்றார். பிறகு ஒரு வைத்தியசாலையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் வேலை.

சுவீடிஷ் மொழியை அவர் கற்றது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில் இருந்து. "கதைப் புத்தகம் பெரிசு, எனக்கு ஏலாது. செத்தவீட்டு அறிவித்தல் பத்து வரி. அதுக்குள்ள ஒரு ஆளின்ர முழுச் சீவியமும் இருக்கும்," என்று என்னிடம் சொன்னார். சக தொழிலாளர்கள் வாசித்துவிட்டுப் போடும் பத்திரிகைகளில் இருந்து அவற்றை வெட்டி, குசினி அலுமாரிக் கதவுகளில் ஒட்டி வைத்து, சமைத்தபடியே மனப்பாடம் செய்வாராம். "வீட்டுக்குள்ள ஏனப்பா செத்த சனத்தை ஒட்டி வைச்சிருக்கிறாய்?" என்று கணவர் கேட்டிருக்கிறார். "உயிரோடை இருக்கிற சனம் ஒண்டும் சொல்லித்தரேல்லையே," என்பது அக்காவின் பதில்.

அப்படிக் கற்றவர், நாற்பது வயதில் தமது முதல் நாவலை எழுதி முடித்தார். முப்பது வருடம் விரிப்பு மடித்த ஒரு சுவீடிஷ் பெண், வேலையில் இருந்து ஓய்வு பெறும் நாளில் வீட்டுக்குப் போகாமல் ரயில் ஏறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு பெரிய பதிப்பகம் அவரை அழைத்தது. எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெண்ணை ஓர் அகதிப் பெண்ணாக மாற்ற முடியுமா, ஒரு சுவீடிஷ் பெண்ணின் மனது உங்களுக்குத் தெரியும் என்று வாசகர்கள் நம்ப வேண்டுமே என்று கேட்டார்கள்.

"நான் அவையின்ர படுக்கை விரிப்பைப் பதினைஞ்சு வரியமாத் தோய்ச்சனான். பிள்ளை பெத்த விரிப்பு, செத்த விரிப்பு எல்லாம். அவையைப் பற்றி எனக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வடக்கே ஒரு சிறிய ஊரில், இரண்டு பேர் நடத்திய பதிப்பகம் அதை அப்படியே அச்சிடும்வரை ஆறு வருடம் அது அலுமாரியில் கிடந்தது.

கணவர் காலமானபின் மகள் ஆரணியோடு வாழ லண்டனுக்கு வந்தார். நூலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து, "பிள்ளை, இங்கை சுவீடிஷ் புத்தகம் இருக்கோ?" என்று கேட்டார். அவரது முகத்தைப் பார்த்துவிட்டு நான் தமிழ்ப் புத்தகத் தட்டைக் காட்டினேன். "அதை நான் கேக்கேல்லையே," என்றார். அன்று வெட்கப்பட்டது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் நட்பு அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான்.

கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் பகுதியில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தியவர் அவரை "புலம்பெயர்ந்த அகதி எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்தார். அக்கா பொன்னாடையை மடித்து (அழகாக மடிப்பார், அது அவரது தொழில்) அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சபையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப ஏன் தங்கச்சி தாய்மொழியிலை எழுதேல்லை?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்.

"ஐயா, தமிழிலை என்னை 'வாயை மூடு' எண்டு சொல்லித்தான் வளர்த்தவை. சுவீடிஷிலை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் அப்ப எனக்கு விளங்கியிராது."

பின்வரிசைப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். நானும் அதில் ஒருத்தி.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆரணி அன்று வேலை விடயமாக வேறு நகரத்தில் இருந்ததால், வைத்தியசாலைக்கு முதலில் போனது நான். அக்கா இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருக்கிறார்கள். அவர் இது தமிழே இல்லை என்று சொல்லிவிட்டார். நோயாளி குழம்பி உளறுகிறார் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். எனக்குச் சுவீடிஷ் தெரியாது. ஆனால் அவர் தம் பக்கங்களை உரக்க வாசிப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஏற்ற இறக்கம் என் காதுக்குத் தெரியும்.

"இவர் உளறவில்லை. சுவீடிஷ் பேசுகிறார்," என்றேன். தாதி அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆரணியை அழைத்துத் தொலைபேசியை அக்காவின் வாயருகே பிடித்தேன். அழுதுகொண்டிருந்த ஆரணி திடீரென்று சிரித்தார். "அன்ரி, தனக்கு ஒரு பேர் இருக்காம். நோயாளி எண்டு கூப்பிட வேண்டாமாம். தேத்தண்ணியும் பச்சைத் தண்ணியா இருக்காம்!" அந்தக் குறிப்பு வெட்டப்படும்வரை நான் அந்த வார்டை விட்டு நகரவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் அவரிடம் இருந்துதான் எடுத்தேன்.

தமிழ் மெல்லத் திரும்பி வந்தது. ஆங்கிலம் வரவில்லை. "போனாப் போகட்டும்," என்றார். வலது கையும் வரவில்லை. இடது கையால் 'அ' எழுதும் குழந்தை மாதிரி கோணல் மாணலாகத் தொடங்கி, இரண்டு வருடத்தில் மூன்றாவது நாவலை முடித்தார். முடிவு இருண்டிருக்கிறது, கொஞ்சம் நம்பிக்கை சேர்க்கலாமா என்று பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஏலாது" என்பதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். ஆரணி மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

இறுதிக் கிரியைக்குக் கோதன்பர்க்கில் இருந்து கெர்ஸ்டின் என்ற மூதாட்டி ஊன்றுகோலோடு வந்திருந்தார். சலவைக்கூடத்தில் அக்காவோடு ஒரே மேசையில் விரிப்பு மடித்தவராம். எங்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் எழுந்து பேச, ஆரணி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"முதல் நாவலிலை வாற பொம்பிளை இவாதானாம். அந்தப் பொம்பிளை புருசனுக்குப் பயந்து நடக்கிறா எண்டு ஒரு வரி இருக்கு. 'நான் பயந்ததில்லை, அதை எடு' எண்டு அம்மாவோடை சண்டை பிடிச்சவாவாம். அம்மா மாட்டன் எண்டிட்டா. ஏழு வரியம் ரெண்டு பேரும் கதைக்கேல்லையாம்."

கெர்ஸ்டின் மூச்சு வாங்கக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். ஆரணி அதையும் தமிழில் சொன்னார்.

"பிறகு அவவின்ர புருசன் செத்தவராம். அடக்கம் முடிஞ்சு வீட்டை வந்து, ரேடியோவைப் பெரிய சத்தமாப் போட்டவாவாம். நாப்பது வரியத்திலை முதல் தரம். அப்பதான் விளங்கினதாம். 'அந்த வரியை நீ எடுக்காமல் விட்டது நல்லது' எண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினவாவாம்."

கெர்ஸ்டின் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, பேழையை மூடியிருந்த வெள்ளைத் துணியின் சுருக்கத்தை இரு கைகளாலும் நீவிச் சரிசெய்தார். மறுமுனையை ஆரணி பிடித்து இழுத்துக் கொடுத்தார்.

போயிட்டு வாங்கோ, அக்கா. உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று இனி யாராவது பிழையாகச் சொன்னால், திருத்துவதற்கு நாங்கள் இருக்கிறோம்.